செயற்கை நுண்ணறிவு உரிமத்தொகை: பதிவேட்டில் இல்லாத எழுத்தாளர்களைச் சென்றடையுமா?

புதுதில்லி: செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் படைப்புகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் உரிமத்தொகை செலுத்த வேண்டும் என, தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை பரிந்துரைத்தது. படைப்பைத் தர மறுக்கும் உரிமை அதில் எழுத்தாளருக்கு இல்லை. எனவே, தொகை யாரைச் சென்றடையும் என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

அமெரிக்க முன்னுதாரணம் நம்பிக்கையளிப்பதாக இல்லை. திருட்டு மின்நூலகங்களிலிருந்து நூல்களைப் பதிவிறக்கிய வழக்கில், ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-இல் 150 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. நூலொன்றுக்குச் சுமார் 3,000 டாலர். ஆயினும், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களுக்கு மட்டுமே அத்தொகை உரியது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமல்ல. எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. மராத்தி தலித் இலக்கியம் 'அஸ்மிதாதர்ஷ்' போன்ற சிற்றிதழ்களில் வளர்ந்தது. அத்தகைய இதழில் அச்சான சிறுகதைக்குப் பதிவுச் சான்றிதழும் இராது, ஐஎஸ்பிஎன் எண்ணும் இராது. சந்தாலி போன்ற பழங்குடி மொழிகளில் சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சட்டம் கேட்காத சான்றை உரிமத்தொகைக்காகக் கேட்டால், உரிமை இருந்தும் பயன் இராது.

இழப்பு பணத்தோடு முடிவதில்லை. இந்தியர், அமெரிக்கர் 118 பேரைக் கொண்டு கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், கருவியின் பரிந்துரைகள் இந்தியரின் எழுத்தை மேற்கத்திய நடைக்கு இழுத்தன. பிடித்த உணவைப் பற்றி எழுதத் தொடங்கியவருக்குப் பீட்சாவும், பண்டிகையைப் பற்றி எழுதியவருக்குக் கிறிஸ்துமஸும் முன்மொழியப்பட்டன. தீபாவளிக்கே இந்த நிலை என்றால், ஒரு சேரியின் வசவையோ வட்டார வழக்கையோ இக்கருவி எவ்வாறு கையாளும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இயந்திரக் கதைகள் குவிந்ததால், 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அமெரிக்க அறிபுனை இதழ் 2023 பிப்ரவரியில் படைப்புகள் பெறுவதையே சிறிது காலம் நிறுத்தியது. இவ்வாறு வாயில் அடைபடும்போது, அறிமுகமான பெயர்களுக்கு வேறு வழி உண்டு. முதல் கதையை அனுப்புபவருக்கு இல்லை.

உரிமத்தொகையை வசூலித்துப் பங்கிட ஒரே மைய அமைப்பை ஆய்வறிக்கை முன்மொழிகிறது. சிற்றிதழின் ஒரு பக்கத்தை அவ்வமைப்பு சான்றாக ஏற்குமா என்பதை விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும்.