ஆறு நாளா? கோடி ஆண்டா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறினால் கரியாலூர் வரும். அங்கே ஒரு பாறையைத் தொட்டுப் பாருங்கள். இந்த வட்டாரத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு என்கிறது விஞ்ஞானம். உலகம் ஆறே நாளில் உண்டானது என்கிறது பைபிள். பிள்ளை கேட்டால் எதைச் சொல்வது?

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். வெளிச்சம் முதல் நாளே வந்துவிடுகிறது. சூரியன் வருவதோ நான்காம் நாள்! அப்படியானால் முதல் மூன்று நாளும் பொழுது எப்படி விடிந்தது? எழுதியவருக்கு இது தெரியாதா என்ன? அவர் பஞ்சாங்கம் எழுதவில்லை, கவிதை பாடினார்.

முதல் மூன்று நாளில் வீடு தயாராகிறது: ஒளி, வானும் கடலும், நிலம். அடுத்த மூன்று நாளில் குடித்தனம் வருகிறது: சூரிய சந்திரர், பறவையும் மீனும், விலங்கும் மனிதனும். பாட்டில் பல்லவி திரும்புவதுபோல, ஒவ்வொரு நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் திரும்ப வருகின்றன.

ஆகவே பிள்ளையிடம் இரண்டையும் சொல்லலாம், கலக்கத்தான் கூடாது. அண்டம் விரிகிறது என்று 1927-ல் கணக்கிட்டுச் சொன்ன பெல்ஜியம் நாட்டு லெமேத்தர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தம் கணக்குக்கு அவர் பைபிளைச் சாட்சிக்கு இழுக்கவே இல்லை. பூசையையும் விடவில்லை.