நிபுணர் அவையும் நகர மன்றமும்

மனிதகுலத்துக்கு நேரக்கூடிய பேரழிவுகளைப் பற்றி அறிஞர்கள் கூடிப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அணு ஆயுதம், கொள்ளைநோய், பருவநிலை, செயற்கை நுண்ணறிவு என்று தலைப்புகள் மாறுகின்றன. பேச்சின் போக்கு மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை: ஆபத்து பெரிது, நன்மையும் பெரிது, ஆகவே எச்சரிக்கையோடு முன்செல்வோம். இத்தகைய உரையாடல்களால் உலகுக்கு விளையும் பயன் என்ன என்ற ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. இவ்வகைக் கூட்டங்களுள் பெரும்புகழ் பெற்ற ஒன்றையும், அதற்கடுத்த ஆண்டு ஒரு நகர மன்றத்தில் நடந்த, அவ்வளவாகப் பேசப்படாத மற்றொன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவ்வையத்துக்கு ஓரளவு விடை கிடைக்கும் என்று தோன்றுகிறது.

1970களின் தொடக்கத்தில், ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி வேறோர் உயிரினுள் ஒட்டும் நுட்பம் கைகூடியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பால் பெர்க், குரங்குகளிடம் காணப்படும் எஸ்.வி.40 என்னும் வைரஸின் மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தத் திட்டமிட்டிருந்தார். அவ்வைரஸ் சில விலங்குகளுக்குப் புற்றுக்கட்டியை உண்டாக்கக்கூடியது. அந்த பாக்டீரியாவோ மனிதக் குடலில் வாழ்வது. 1971இல் இச்செய்தியை அறிந்த ராபர்ட் பொலாக் என்ற சக விஞ்ஞானி ஆட்சேபம் தெரிவித்தார். பெர்க் முதலில் வாதாடினாலும் பிறகு சோதனையை நிறுத்திவைத்தார். 1974 ஜூலையில் அவரும் வேறு பத்து விஞ்ஞானிகளும் ஒரு கடிதம் வெளியிட்டு, ஆபத்து விளங்கும்வரை இத்துறையின் சில வகைச் சோதனைகளைத் தாமாகவே நிறுத்திவைக்கும்படி உலக ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டனர்.

1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியக் கடற்கரையிலுள்ள அசிலோமாரில் ஏறத்தாழ 140 பேர் கூடினார்கள். பூசல் இல்லாத கூட்டமென்று அதைச் சொல்லிவிட முடியாது. தம் ஆய்வில் எவர் தலையிடுவதும் தகாது என்று வாதிட்டவர்களும் அங்கே இருந்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே உயிர்பிழைக்க இயலாதபடி பலவீனமாக்கப்பட்ட பாக்டீரியாக்களையே பயன்படுத்தலாம் என்ற யோசனைக்கு சிட்னி பிரென்னர் வலுச் சேர்த்தார். விபத்து நேர்ந்தால் சட்டம் யாரைப் பொறுப்பாக்கும் என்று வழக்கறிஞர்கள் எடுத்துச் சொன்னபோது பலரது முகம் மாறியதாகச் சொல்வார்கள். இறுதியில், சோதனைகளை ஆபத்தின் அளவுக்கேற்ப வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் உரிய பாதுகாப்பை விதித்துப் பிரிந்தார்கள்.

அக்கூட்டத்துக்கு மதிப்பைத் தந்தது எது? கடிதத்தில் கையெழுத்திட்டவர்களுள் அந்நுட்பத்தை உருவாக்கியவர்களே இருந்தார்கள் என்பதுதான் என்போம் நாம். பிறர் கையைக் கட்டுமுன் அவர்கள் தம் கையைக் கட்டிக்கொண்டார்கள். பிந்தியவன் பெயர் மறையும் துறையில் அது சிறிய தியாகமன்று.

ஆனால் அசிலோமாருக்கு ஒரு குறையும் இருந்தது. வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அத்துறை ஆய்வாளர்களே. உயிரியல் ஆயுதங்களைப் பற்றியும் மனித மரபணுவை மாற்றுவதைப் பற்றியும் பேசுவதில்லை என்று முன்பே ஒதுக்கிவைத்தார்கள். கிருமி தப்பினால் முதலில் பாதிக்கப்படக்கூடிய ஆய்வுக்கூட ஊழியருக்கும் அண்டைவீட்டாருக்கும் அங்கே இருக்கை இல்லை.

அந்த அண்டைவீட்டார் மறு ஆண்டே பேசினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகம் இவ்வகை ஆய்வுக்கென ஒரு பாதுகாப்புக் கூடம் அமைக்க முனைந்தது. மேயர் ஆல்ஃபிரெட் வெலூச்சி 1976 ஜூனில் நகர மன்றத்தைக் கூட்டி விஞ்ஞானிகளை வரவழைத்தார். சுருக்கெழுத்துப் பெயர்களை விட்டுவிட்டுப் பாமரருக்கு விளங்கும்படி பேச வேண்டும் என்பது அவர் முதலிலேயே விதித்த நிபந்தனை. வெலூச்சிக்கு ஹார்வர்டோடு பழைய பகை உண்டு. அவருடைய நோக்கத்தில் அரசியலும் கலந்திருந்தது. எனினும் விளைந்தது நல்லதே. ஆய்வுகள் மூன்று மாதம் நிறுத்தப்பட்டன. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. இத்துறைக்குத் தொடர்பில்லாத குடிமக்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் எரியெண்ணெய் வணிகர் ஒருவர் இருந்தார். கன்னியாஸ்திரி ஒருவரும் இருந்தார். இரு தரப்பு விஞ்ஞானிகளையும் வரவழைத்து மாதக்கணக்கில் கேள்வி கேட்ட அவர்கள், கூடுதல் நிபந்தனைகளோடு ஆய்வை அனுமதிக்கலாம் என்று 1977 ஜனவரியில் பரிந்துரைத்தார்கள். அடுத்த மாதம் அது நகரச் சட்டமாயிற்று.

பாமரர் கையில் கொடுத்தால் அச்சத்தால் அறிவியலையே முடக்கிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? அந்நகரம் இன்று உயிரித்தொழில்நுட்பத்தின் உலக மையங்களுள் ஒன்று. அஞ்சிய ஆபத்துகள் நேரவில்லை, ஆகவே இவ்வளவு எச்சரிக்கை வீண் என்று பின்னாளில் சில விஞ்ஞானிகளே சொன்னதுண்டு. நேராது என்பது 1975இல் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. மேலும், தடையால் துறை பட்டுப்போகவில்லை: இந்நுட்பத்தால் உருவான மனித இன்சுலினுக்கு 1982இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

இக்காலத்துக்கு வருவோம். 2017இல் அதே அசிலோமாரில் செயற்கை நுண்ணறிவு அறிஞர்கள் கூடி 23 கோட்பாடுகளை வகுத்தார்கள். ஆற்றல்மிக்க அமைப்புகளைப் பயிற்றுவிப்பதை ஆறு மாதம் நிறுத்துங்கள் என்று 2023 மார்ச்சில் ஒரு பகிரங்கக் கடிதம் கோரியது. இதனால் மனித இனமே அழியும் அபாயம் உண்டு என்ற ஒற்றை வாக்கிய அறிக்கையில் அதே ஆண்டு மே மாதம் முன்னணி நிறுவனங்களின் தலைவர்களே கையெழுத்திட்டார்கள். பந்தயம் மட்டும் நிற்கவில்லை. அபாயத்தை அறிவித்த கைகளே அதை மேலும் விரைவாகக் கட்டியெழுப்பின.

வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும் என்பதற்குச் சான்று பழங்காலத்தில் மட்டும் இல்லை. இயற்கையின் மூலக்கூறுகளுக்குக் கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகளால் ஆன பாக்டீரியாவை உருவாக்க வேண்டாம் என்று 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அவர்களுள் சிலர் அந்த இலக்கை நோக்கியே உழைத்து வந்தவர்கள்.

ஆகவே, உலக அபாயங்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பேசுகிறவர் தம் வேலையில் எதை நிறுத்தினார்? அவையில் இல்லாதவர்கள் வேண்டாமென்று சொல்ல வழி உண்டா? முதற்கேள்விக்கு அவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதில் மொழியை நேசிக்கும் நமக்கும் பங்கு உண்டு. வெலூச்சி கேட்டது, தம் மக்களுக்கு விளங்கும் பேச்சு. அப்படிப்பட்ட பேச்சைத் தமிழில் உண்டாக்குவது சிற்றிதழ் வாசகர்களான நம்மால் இயலாத காரியமன்று. கதையும் கவிதையும் மட்டுமே இலக்கியம் என்று நாம் ஒதுங்கியிருந்தால், நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை நமக்குப் புரியாத சுருக்கெழுத்துகளில் வேறெவரோ எழுதி முடித்திருப்பார்கள்.