ரயில் போன வழியில் மிதிவண்டி

இதயக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டோ மூட்டு மாற்று அறுவை முடிந்தோ வீடு திரும்புவோர் கையில் தரப்படும் குறிப்பில், ‘நாள்தோறும் மிதமான உடற்பயிற்சி’ என்றொரு வரி தவறாமல் இருக்கும். மாத்திரைக்கு அளவும் வேளையும் எழுதப்படுகின்றன. உடற்பயிற்சிக்கு எத்தனை நிமிடம் என்பதும் எழுதப்படுகிறது. எந்த இடத்தில் என்பது மட்டும் நோயாளியின் பாடாக விடப்படுகிறது. மருத்துவ உலகெங்கும் வழக்கம் இதுதான். ஆனால் இடம் என்பது சிகிச்சைக்குப் புறம்பான செய்தியன்று, சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் கருத்து.

மறுபரிசோதனைக்கு வரும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வியொன்று இக்கருத்தை வலுப்படுத்துகிறது. மகனையோ மகளையோ காண ஆறு மாதம் அமெரிக்கா செல்கின்றனர். அங்கே இவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. புறநகர்த் தெருக்கள் பலவற்றில் நடைபாதையே கிடையாது. பிள்ளைகள் பணிக்குச் சென்றபின் வீட்டுக்குள்ளேயே பகல் கழிகிறது. “இங்கே பழகிய நடையை அங்கே எப்படித் தொடர்வது?” என்று கேட்கின்றனர். பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகர்ப்பக்கம் செல்வோருக்கேனும் எங்களிடம் ஒரு நல்ல விடை உண்டு.

பிட்ஸ்பர்க்கை அடுத்த பென் ஹில்ஸில், 1970களில் எழுந்த வேங்கடேசுவரர் ஆலயத்தை நம்மவர் நன்கு அறிவர். அமெரிக்கா செல்லும் பெற்றோர் பலரின் பயணத் திட்டத்தில் அவ்வாலயம் இடம்பெறுகிறது. அங்கிருந்து காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொலைவில், யாக்கிகேனி ஆற்றின் பள்ளத்தாக்கில், மோட்டார் வாகனம் நுழையாத பாதையொன்று செல்கிறது. கிரேட் அலிகெனி பாசேஜ் என்பது அதன் பெயர். பிட்ஸ்பர்க்கில் தொடங்கி மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து வரை ஏறத்தாழ 240 கி.மீ. நீளமுடையது. ஒரு காலத்தில் தண்டவாளங்கள் கிடந்த வழி அது. அதன் பெரும்பகுதியில் ஓடிய வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வேயின் வண்டிகள் 1975இல் நின்றுபோயின. ஒஹாயோபைல் என்னும் சிற்றூரின் அருகே 1986இல் முதல் துண்டு மிதிவண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் நகரின் நடுப்பகுதி வரை வழி முழுமையடைந்தது 2013இல். ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் துண்டு துண்டாகச் சேர்த்த பாதை இது. இன்றும் அதைப் பேணிவருவோரில் அவர்கள் முக்கியமானவர்கள்.

நோயாளிகளுக்கு இப்பாதை ஏன் பொருந்துகிறது என்பதற்கு விடை ரயிலின் இயல்பிலேயே இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் நூற்றுக்கணக்கான டன் நிலக்கரியை இழுத்துச் செல்ல முடிகிறது. அதே காரணத்தால் செங்குத்தான ஏற்றத்தில் அதன் சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழலும். எனவே ரயில்பாதை அமைத்தோர் மலையைக் குடைந்தனர், பள்ளங்களின்மேல் பாலம் கட்டினர், இயன்றவரை ஆற்றின் கரையையே பற்றிச் சென்றனர். நீர் மெல்ல இறங்கும் வழியே வண்டி மெல்ல ஏறுவதற்கும் ஏற்ற வழி.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாதையின் மிக உயர்ந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 729 மீட்டர். மேற்கே பிட்ஸ்பர்க்கிலிருந்து அதை எட்ட ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவு இருக்கிறது. அத்தொலைவில் ஏறும் உயரமோ 510 மீட்டர் அளவே. சராசரியாக 400 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயர்கிறோம். கால்கள் இதனை அறிவதே அரிது. மாறாக, 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாதாரண மலைச்சாலையில் அதே நிதான வேகத்தில் சென்றால், சமதளத்தில் தேவைப்படுவதைப் போல நான்கு மடங்குக்கு மேலான ஆற்றலைக் கால்கள் செலுத்த வேண்டும். குணமாகிவரும் இதயத்துக்கு உடற்பயிற்சி ஆகாதது அன்று. எதிர்பாராத திடீர்ச் சுமைதான் ஆகாது. நிலக்கரி வண்டிக்காக அளந்து வெட்டிய சரிவு அத்திடீர்ச் சுமையை நீக்கிவிடுகிறது. கிழக்கு முனை மட்டும் இதற்கு விலக்கு. கம்பர்லாந்திலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 38 கி.மீ.யில் 545 மீட்டர் அளவுக்கு விடாமல் ஏற வேண்டும். அப்பகுதியை நம்மவர் தவிர்க்கலாம்.

நாங்கள் பரிந்துரைப்பது ஒஹாயோபைலிலிருந்து கான்ஃபுளூயன்ஸ் வரையிலான துண்டு. ஏறத்தாழ 17 கி.மீ. நீளத்தில் 30 மீட்டர் அளவே உயர்கிறது. ஒஹாயோபைலில் அருவி ஊர் நடுவிலேயே விழுகிறது. மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே செல்ல, இருபுறமும் அடர்ந்த காடு. நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பிய தளம் என்பதால் சற்றே அகன்ற சக்கரமுள்ள மிதிவண்டி நல்லது. ஆற்றின் மறுகரையில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. அதன் ஓசை மரங்களுக்கிடையே கேட்கும்போதுதான் நாம் செல்வதும் ஒரு ரயில்வழி என்பது நினைவுக்கு வரும். மூன்று நீரோட்டங்கள் கூடும் இடம் ஆதலால் கான்ஃபுளூயன்ஸுக்கு ‘கூடல்’ என்று பொருள்படும் அப்பெயர் வாய்த்தது. மதுரைக்காரர் இதைக் கேட்டு மகிழக்கூடும்.

அதுவரை சென்றே தீர வேண்டும் என்பதில்லை. இப்பாதையைப் பற்றிப் பேசுவோரிற் பலர் 240 கி.மீ.யையும் எத்தனை நாளில் கடந்தனர் என்பதையே பெருமையாகக் கூறுகின்றனர். அவர்கள் மகிழ்ச்சியில் நாங்கள் குறை காணவில்லை. ஆயினும் அவ்வளவுகோல் நோயாளிக்குத் தீங்கானது. மூன்று கி.மீ. சென்று மூன்று கி.மீ. திரும்பியவர் முழுப் பயனையும் பெற்றவரே. முதலில் ஆற்றை எதிர்த்துச் செல்லுங்கள் என்பதே எங்கள் அறிவுரை. களைப்பு மிகும் திரும்பு வழியில் சரிவு உங்கள் பக்கம் இருக்கும்.

மாரடைப்பு கண்டவரை மிதிவண்டியில் ஏற்றுவதா என்று குடும்பத்தார் அஞ்சுவது இயல்பு. மருத்துவமே ஒரு காலத்தில் அவ்வாறுதான் அஞ்சியது. வாரக்கணக்கில் அசையாமற் படுத்திருப்பதே சிகிச்சை எனக் கருதப்பட்டது. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அழைக்கப்பட்ட பாஸ்டன் இதயநோய் வல்லுநர் பால் டட்லி ஒயிட், படிப்படியான இயக்கத்தை வலியுறுத்தியவர். அடுத்த ஆண்டே ஐசனோவர் மீண்டும் தேர்தலில் நின்று வென்றார். ஒயிட் தாமும் மிதிவண்டி ஓட்டினார், பிறரையும் ஓட்டச் சொன்னார். பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் உள்ள மிதிவண்டிப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதயநோய் வல்லுநர் ஒருவரின் பெயரைச் சாலைக்குச் சூட்டியது பொருத்தமானதே என்போம்.

மூட்டுத் தேய்மானம் உடையோருக்கு இன்னொரு நன்மை உண்டு. உடலின் எடையை இருக்கை தாங்குவதால், படியேறும்போது முழங்காலில் விழும் அழுத்தம் மிதிக்கும்போது விழுவதில்லை. நெடுநாள் நீரிழிவால் பாத உணர்வு குன்றியவருக்கும் நீண்ட நடையைவிட இது பாதத்தைக் காக்கும். உடற்சமநிலை தளர்ந்தவர் மூன்று சக்கர வண்டியை நாடலாம்.

உடன் செல்வோரைப் பற்றியும் ஒரு சொல். நோயாளியைக் கவனிப்பவரின் உடல்நிலையைக் கேட்பார் எவருமில்லை. மருந்து எடுத்துத் தருவது, சமைப்பது, இரவில் விழித்திருப்பது என ஓடும் மனைவிக்கோ மகனுக்கோ தமக்கென ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. கார் பின்னால் வந்து ஒலியெழுப்பாத பாதையில் இருவரும் அருகருகே செல்லலாம். எதிரே ஆள் வரும்போது மட்டும் ஒருவர் பின்னே ஒருவராக ஒதுங்கினால் போதும். கவனிப்பவரும் அங்கே வெறுங்காவலாக நிற்காமல் தாமும் பயில்கிறார். மருத்துவமனையின் ஓடுபொறியால் இதனைத் தர இயலாது. தொடக்க வாரங்களில் கண்காணிப்போடு பயில ஓடுபொறி சிறந்தது, ஐயமில்லை. ஆயின் சுவரைப் பார்த்தபடி ஆண்டுக்கணக்கில் எவர் நடப்பார்?

எச்சரிக்கைகளையும் கூறிவிட வேண்டும். மார்பெலும்பைத் திறந்து அறுவை செய்யப்பெற்றோர், எலும்பு கூடிவிட்டதென மருத்துவர் சொல்லும்வரை வெளியில் மிதிவண்டி ஏறலாகாது. ஸ்டென்ட் பொருத்தியோர் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள். சிறு வீழ்ச்சியிலும் தலையில் இரத்தக்கசிவு நேரலாம் என்பதால் தலைக்கவசம் இன்றியமையாதது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்போர் நாடித்துடிப்பின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவே சரியான வேகம். இன்சுலின் எடுப்போர் சட்டைப்பையில் சர்க்கரை வைத்திருக்கட்டும். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ தோன்றினால் உடனே இறங்கி அமருங்கள். பள்ளத்தாக்கில் கைபேசித் தொடர்பு சில இடங்களில் கிடைக்காது. ஆகவே தனியே செல்லாதீர்கள். பாதையோரம் மைலுக்கு ஒரு குறிகல் உண்டு. கடைசியாகக் கடந்த எண்ணை நினைவில் வைத்தால் உதவிக்கு வருவோர்க்கு இடத்தைச் சொல்லலாம்.

கடல் கடந்து செல்லாத வாசகர்க்கு இதனால் என்ன பயன் என்ற வினா எழும். மேடு பள்ளமும் வாகனமும் இல்லாத இடம் நோயாளிக்கு மருந்துக்கு அடுத்த தேவை என்பதை ஓர் ஊர் ஏற்றுக்கொண்டால், கைவிடப்பட்ட வழியும் அதற்குப் பயன்படும் என்பதையே அப்பள்ளத்தாக்கு காட்டுகிறது. உங்கள் பகுதியில் பள்ளி மைதானமோ குளக்கரையோ காலையில் நடப்பவர்க்குத் திறக்கப்பட வேண்டுமெனில், அதை மருத்துவத் தேவையாகவே உள்ளாட்சி உறுப்பினரிடம் கேளுங்கள். பொழுதுபோக்காகக் கேட்டால் அது பட்டியலின் கடைசிக்குப் போய்விடும்.

பயணம் செல்வோர் ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று. பனிக்காலத்தில் பாதையின் கிழக்கே உள்ள ஏறத்தாழ 1 கி.மீ. நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கப்பாதை மூடப்பட்டிருக்கும், மற்ற இடங்களிலும் குளிர் இதயத்துக்கு ஏற்றதன்று. பயணக் காப்பீடு எடுக்கையில் முன்பே உள்ள நோயை மறைக்காமல் எழுதுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பாகவே நாளைத் தெரிவித்தால், இயன்முறை மருத்துவப் பிரிவில் உள்ள நிலைமிதிவண்டியில் வாரம் மூன்று நாள் பழக்கித் தருவார்கள். கடைசியாக எடுத்த இசிஜியின் நகலையும் மருந்துப் பட்டியலையும் அப்போதே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.