பாட்டரி வாங்குமுன் மீட்டரை எடுங்கள்

சாவியைத் திருப்புகிறீர்கள். டாஷ்போர்டு விளக்குகள் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டுகின்றன. பானெட்டுக்குள் 'டக் டக் டக்' என்று சத்தம். வண்டி கிளம்பவில்லை. உடனே நம்மவர்கள் செய்வது என்ன? புது பாட்டரி வாங்குவது. வண்டி ஊரில் நிற்கிறது என்றால், வாங்கச் சொல்லி இங்கிருந்து பணம் அனுப்புவது. என்னைக் கேட்டால் இரண்டுமே அவசரம். முதலில் அளக்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் ஊரிகம். கோலார் தங்கவயலில் இருக்கிறது. பிழைப்பு கால்கரியில் (பனிக்காலத்தில் இந்த 'டக் டக்' இங்கே தெருவுக்குத் தெரு கேட்கும்!). ஊரில் சித்தப்பா மகன் ஒரு பிக்கப் வைத்திருக்கிறான். விடிவதற்குள் தக்காளி ஏற்றிக்கொண்டு கோலார் மண்டிக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் அன்றைய வாடகை போச்சு. விளக்கு மினுக்குகிறது என்று ஒரே வருஷத்தில் கடன் வாங்கி இரண்டு பாட்டரி போட்டுவிட்டான். மூன்றாவதுக்கு எனக்குப் போன்.

"சித்தப்பாகிட்ட காட்டினியாடா?"

"அப்பாவுக்கு இந்தக் காலத்து வண்டியெல்லாம் இன்னாண்ணா தெரியும்?"

சித்தப்பா 2001-ல் சுரங்கம் மூடும்வரை அங்கே எலெக்ட்ரீஷியன். மின்சாரம் எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை, ஐயா. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, காவிரித் தண்ணீரில் எடுத்த கரண்டைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் வழியில் வீணாகாமல் வரவேண்டுமென்றால் வோல்டேஜைக் கூட்டி ஆம்பியரைக் குறைக்க வேண்டும்.

வண்டியில் கதை தலைகீழ். இருப்பது 12 வோல்ட்தான், ஆனால் டீசல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 200 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். ஒரு இணைப்பில் துரு ஏறி, ஓம் கணக்கில் நூறில் ஒரு பங்கு தடை வந்தால் போதும். 200-ஐ 0.01-ஆல் பெருக்குங்கள். இரண்டு வோல்ட் அங்கேயே காலி. ஸ்டார்ட்டரின் சொலினாய்டு இழுக்கும், வோல்டேஜ் விழும், சொலினாய்டு விட்டுவிடும், வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அந்த ஆட்டம்தான் 'டக் டக்'. விளக்கு மினுக்குவதும் அதனால்தான். பாட்டரி உண்மையிலேயே காலியானாலும் இதே கூத்துதான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் பிரித்துச் சொல்லிவிடும்.

முறை இதுதான்:

1. இரவு முழுக்க நின்ற வண்டியில் பாட்டரியின் இரு முனைகளிலும் அளக்கவும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

2. ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி அப்போது அளக்கவும். சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரியைச் சந்தேகப்படலாம்.

3. மீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யவும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியில் கோளாறு. பிளஸ்ஸிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும் இதேபோல் பாருங்கள். 0.5-க்குள் இருக்க வேண்டும்.

4. வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்கவும்.

ஸ்டார்ட் ஆகும் நொடியில் விளக்கு லேசாக மங்கி எழுவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சித்தப்பா மூன்றாவது அளவிலேயே ஆளைப் பிடித்துவிட்டார். "பாட்டரி நல்லாதான் கீது. எர்த்துல ரெண்டு வோல்ட் நிக்குது. அது இன்னா பண்ணும், பாவம்?" என்றார். சேஸிஸில் எர்த் கம்பி முடுக்கிய போல்ட்டுக்கு அடியில் துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினார். செலவு உப்புத்தாள் காசு.

எப்போதும் எர்த்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. மைனஸ் 18 டிகிரியில் பாட்டரியின் தள்ளும் சக்தி பாதியளவுக்கு இறங்கிவிடும், ஆகவே கால்கரியில் பல நேரம் பாட்டரியேதான். ஊரில் வெயில் அதன் ஆயுளைக் குறைக்கும். ஆனால் எது என்று அளந்தபிறகு சொல்லுங்கள். கடைக்காரர் விற்கத்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

எனக்கு உறுத்துவது வேறு. சுரங்கம் மூடியபோது வேலை மட்டுமா போனது? அந்த ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்கள் பிள்ளைகளே நினைக்கும்படி ஆகிவிட்டது. தூரத்தில் இருக்கும் நாமும், ஊரிலிருந்து போன் வந்தால் 'எவ்வளவு வேணும்?' என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்குமுன் 'வீட்ல பெரியவர் பாத்தாரா?' என்று கேட்டுப் பாருங்களேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு நல்ல மல்டிமீட்டரும் வையுங்கள். சாக்லேட்டைவிட உபயோகம்!

பி.கு.: கம்பிகளைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். அளக்குமுன் நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடவே கூடாது.