எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று திருப்பதியினின்று வந்தது. எழுதியவர் ஓர் இல்லத்தரசி. பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து 11 ஆண்டுகளுக்கு முன் குடிபெயர்ந்து வந்த குடும்பம். கணவர் இதுநாள்வரை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கூலிக்குத் தோட்ட வேலை பார்த்துவந்தார். இப்பொழுது தாமே இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் பூங்கா அமைத்துப் பேணும் தொழிலைத் தொடங்க எண்ணியுள்ளார். கையில் உள்ள சேமிப்பு 1,80,000 ரூபாய். மூத்த மகள் வரும் ஆண்டு கல்லூரியிற் சேரவேண்டியவள். கணவரோ, அமர்ந்தவாறே ஓட்டும் புல்வெட்டும் வண்டி ஒன்றைக் கடனுக்கேனும் வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கின்றாராம். “அண்ணா, தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அவர் கேட்பார்” என்று முடித்திருக்கிறார் அச்சகோதரி.

ஒரு வார்த்தையில் எழுதுவதாயின், ‘வாங்க வேண்டா’ என்பதே. ஆனால் காரணம் கூறாது தடுத்தால் ஆண்மக்கள் மறுநாளே போய் வாங்கிவிடுவர். ஆதலின் சற்று விரித்தே எழுதுகின்றோம்.

தோட்டத் தொழில் இவ்வூருக்குப் புதிதன்று. ‘புஷ்ப மண்டபம்’ என்று வைணவ மரபு போற்றுவது திருமலையையே. இராமானுசர் திருவரங்கத்தில், ‘மலைக்குச் சென்று நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு புரிவார் யார்?’ என வினவியபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சி அனைவரும் வாளாவிருக்க, எழுந்து நின்றவர் அனந்தாழ்வார். அவரும் நம்மைப் போல் வெளியூரினின்று வந்து குடியேறியவரே. மனைவி மண் சுமக்க அவர் ஏரி தோண்டினார் என்பதும், அம்மையாருக்கு உதவ வந்த சிறுவன்மேல் சினந்து கடப்பாரையை எறிந்தார் என்பதும் அனைவரும் அறிந்த கதை. அக்கடப்பாரை என்று காட்டப்படுவது இன்றும் கோயிலின் மகாத்துவாரத்தில் தொங்குகின்றது. அவர் பெயரால் வழங்கும் தோட்டமும் கோயிலின் அருகே உள்ளது. மலைமேல் பூத்ததெல்லாம் பெருமாளுக்கே என்பதால் திருமலையில் பெண்டிர் பூச்சூடுவதில்லை என்னும் வழக்கமும் உண்டு.

இக்கதையைத் தோட்டக்காரர் கண்கொண்டு பார்த்தால் ஒன்று தெரியும். அவர் கையில் இருந்தது கடப்பாரை ஒன்றுதான். செம்மண்ணும் சரளையும் பாறையும் கலந்த இந்நாட்டு நிலத்திற்கு இன்றும் முதற்கருவி அதுவே. திருப்பதிக்கோ சித்தூருக்கோ புதிதாக வந்து, சமவெளி வண்டலை எண்ணி மண்வெட்டியை மட்டும் எடுத்துச் சென்றவர் முதல் குழியிலேயே உண்மையை உணர்வார். ஒரு சொல் எச்சரிக்கை: தெலுங்கில் ‘பார’ என்றால் மண்வெட்டி. நம் பாரை அவர்களுக்குக் ‘கட்டபார’. கடைக்காரரிடம் ‘பாரை’ கேட்டு மண்வெட்டியோடு வீடு திரும்பியவர் நம்முள் ஒருவரல்லர்.

ஆகவே முதற்செலவு கைக்கருவிகளுக்கே ஆகுக. நல்ல எஃகில் அடித்த கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், கவாத்துக் கத்தரி, வேலிச் செடி நறுக்கும் நீண்ட கத்தரி, பாண்டு, தோளில் மாட்டும் மருந்து தெளிப்பான், தேவையான அளவு நீர்க்குழாய். கத்தரியில் மட்டும் சிக்கனம் வேண்டா. மலிவான கத்தரி கிளையை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நுனியிற் பூசணம் பிடிக்கும். செடி பட்டால் பழி தோட்டக்காரர் தலையில். மழுங்கினால் தீட்டக்கூடியதாகவும், வில்லும் அலகும் தனித்தனியே கிடைக்கக்கூடியதாகவும் பார்த்து வாங்குக.

அடுத்து, பொறி. புல்வெட்டும் பொறியைக் கண்டவர் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர். ஆண்டு 1830. கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் ஆலைப் பொறியைக் கண்டு, அதையே புல்லுக்குப் பயன்படுத்தினார். அவருடைய உருளை அலகுப் பொறி, கத்தரிபோல் இரு அலகுகளுக்கிடையே புல்லைப் பற்றி நறுக்குவது. மட்டமான, கல்லற்ற, நாள்தோறும் பேணப்படும் புல்தரைக்கு அதனினும் அழகாக வெட்டும் கருவி இல்லை. ஆனால் ஒரு கூழாங்கல் போதும் அதன் அலகைக் கெடுக்க.

இதை நூலறிவால் எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு நண்பரும் கூட்டாகச் சித்தூரில் இத்தகைய தொழிலில் இறங்கினோம். வெளியூர் வணிகர் ஒருவர் சொல்லை நம்பிக் கனமான உருளைப் பொறி ஒன்றை வாங்கினோம். இரண்டாம் வாரமே கல்லில் மோதி அலகு பல்லிளித்தது. தீட்டித் தருவார் சித்தூரிலும் இல்லை, வேலூரிலும் இல்லை. ‘உதிரிப் பாகம் வரும்’ என்று வணிகர் எட்டுத் திங்கள் கூறிக்கொண்டேயிருந்தார்; பின்னர்த் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பொறியின்மேல் நண்பர் வீட்டுக் கோழி நெடுநாள் அடைகாத்தது. அது ஒன்றே அப்பொறியினால் விளைந்த பயன்.

தட்டையாகச் சுழலும் ஒற்றை அலகுப் பொறி இவ்வளவு நுணுக்கம் பாராது. சற்று மேடுபள்ளத்தையும் பொறுக்கும். அலகை அரத்தால் நாமே தீட்டிக்கொள்ளலாம். எனினும் அதுகூட முதற்பொறி அன்று. இப்பகுதியில் ஒரு சிறு தொழிலாளிக்கு வரும் வேலையில் பெரும்பகுதி புல்தரை அன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் முழங்காலளவு மண்டும் களையும், மனைகளில் அடரும் புதருமே. அதற்கு ஏற்றது தோளில் மாட்டிச் சுழற்றும் பிரஷ் கட்டர் என்னும் களைவெட்டி. நைலான் கயிறு மாட்டினால் சுவரோரப் புல்லையும், இரும்பு அலகு மாட்டினால் புதரையும் அஃது அறுக்கும்.

விலையைப் பார்க்குமுன் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். களைவெட்டி ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கியதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 120 நாள் வீதம் மூன்றாண்டு உழைத்தால் 360 நாள். நாளொன்றுக்கு 50 ரூபாய் தேய்மானம். அமர்ந்தோட்டும் வண்டியின் விலை 3,00,000 என்று கொள்வோம். அது செல்லத்தக்க அகன்ற புல்வெளி ஒரு சிறு தொழிலாளிக்கு ஆண்டில் 60 நாள் கிடைத்தாலே பெரிது. ஐந்தாண்டில் 300 நாள். நாளொன்றுக்கு 1,000 ரூபாய். கடனுக்கு வட்டியும், பெட்ரோலும், அதை ஏற்றிச் செல்லும் சிறுசரக்கு வண்டியின் வாடகையும் தனி. அகன்ற புல்வெளியுடைய பெரிய நிறுவனங்களோ பெரும்பாலும் பெரிய ஒப்பந்தக்காரரையே நாடும். சகோதரியின் கணவர் இக்கணக்கைத் தம் கையாலேயே ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

களைவெட்டியைப் பற்றிச் சில செய்திகள் கடையில் கூறமாட்டார்கள். இருவீச்சு எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்கவேண்டும். கையேடு 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றியவர் எஞ்சினை எரித்துக்கொண்டார். நான்குவீச்சு எஞ்சினுக்குக் கலவை வேண்டா. ஆனால் எடை சற்று மிகும், எண்ணெய்மட்டம் பார்க்கும் பொறுமை வேண்டும். இன்று கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். சித்திரை வைகாசியில் புல் வளராது பொறி மூலையில் கிடக்கும் நாள்களில், தொட்டியில் எரிபொருளை விட்டுவைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஒரு திங்களுக்குமேல் ஓய்வு என்றால் வடித்துவிடுக. மற்றொன்று: நம் நிலம் கல் நிலம். சுழலும் அலகில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். 15 மீட்டருக்குள் எவரையும் நிற்கவிடாதீர். கண்ணாடியும், காதுக்கவசமும், முழங்கால்வரை காப்பும் இன்றி ஆளை வேலைக்கு இறக்காதீர். விடுதி வாயிலில் நிற்கும் மகிழுந்தின் கண்ணாடி உடைந்தால் ஒரு திங்கள் ஊதியம் போகும். ஆள் கண்ணிழந்தால் அதற்கு ஈடு ஏது?

மின்கலத்தால் இயங்கும் பொறிகளும் இப்பொழுது வந்துவிட்டன. ஓசை குறைவு. வீட்டுத் தோட்டத்திற்கு மிக ஏற்றவை. நாள் முழுதும் புதரோடு போராட, இரண்டு மூன்று மின்கலங்கள் வேண்டும். விலையில் பாதி அவற்றிற்கே போய்விடும்.

இனிக் கூறப்போவதே இம்மடலுக்கு நாம் விடையெழுத விரைந்ததன் காரணம். சகோதரி தம் கணவர் விரும்பும் பொருள்களின் பட்டியலை இணைத்திருக்கிறார். அதில் மூன்றாவதாக உள்ளது மரமறுக்கும் சங்கிலி வாள். வேறெந்த ஊராயினும் நாம் ஒன்றும் சொல்லோம். இஃது சேஷாசல மலையின் அடிவாரம். உலகில் வேறெங்கும் இயற்கையாக இவ்வளவு வளராத செம்மரம் நிற்கும் காடு இது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தவர் என்று கூறித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் இக்காட்டில் ஆந்திரக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த எளியோர். நம் சங்கத்துக் குடும்பங்களுள் அவ்வூர்களோடு உறவுடையார் உளர். மேலும் எழுத மனம் வரவில்லை.

திருவண்ணாமலைப் பேச்சும், தோளில் சங்கிலி வாளும், இருளில் பேருந்துப் பயணமும் ஒன்று சேர்ந்தால் என்ன ஐயம் எழும் என்பதை விளக்க வேண்டா. மேலும், 2002ஆம் ஆண்டின் நீர், நிலம், மரச் சட்டப்படி இம்மாநிலத்தில் மரம் வெட்ட இசைவு பெறவேண்டும். ஆதலின் சங்கிலி வாளை உடைமையாக வைத்துக்கொள்ளாதீர். மரம் வெட்டும் வேலை வந்தால், இசைவை மனையுரிமையாளரே எழுத்தில் பெற்றுத் தரட்டும். அன்றைக்கு மட்டும் உள்ளூர் ஆளை வாளோடு அமர்த்திக்கொள்க. ஊரிலிருந்து உறவுக்காரப் பிள்ளைகளை வேலைக்கு அழைப்பதாயின், எந்த வேலை, எந்த மனை என்பதைக் காகிதத்தில் எழுதி, அடையாள அட்டையோடு அவர்கள் பையில் வைத்து அனுப்புக. பகற்பொழுதில் வரச்சொல்லுக. ‘தோட்ட வேலை, நாட்கூலி இருமடங்கு’ என்று அறிமுகமில்லாதார் கூப்பிட்டால் பிள்ளைகளை அனுப்பாதீர். அதுபோலவே, மலையில் வளரும் ஈந்துபோன்ற அரிய சைகஸ் செடியைப் ‘பெயர்த்துத் தருக’ என்று எவரேனும் கேட்டால் மறுத்துவிடுக. பெட்டோம் என்பார் பெயர் தாங்கிய அச்செடி அனைத்துலகப் பாதுகாப்புப் பட்டியலில் முதல் வரிசையில் உள்ளது.

நீரைப் பற்றி இரண்டு வரி. விடுதிக்காரர்கள் படத்திற் கண்ட பச்சைப் புல்தரையைக் கேட்பார்கள். கோடையில் புல்தரைக்கு நாளும் 5 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டாலும், 1,000 சதுர அடிக்கு 465 லிட்டர் ஆகும். 5,000 லிட்டர் நீர்வண்டி பதினொரு நாள் தாங்காது. இக்கணக்கை விலைக்குறிப்போடு முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், வைகாசியில் புல் காய்ந்தபோது ‘நீ போட்ட புல் சரியில்லை’ என்னும் பேச்சு எழாது. புல்லைக் குறைத்து அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ, நிழலுக்குப் புங்கமும் மகிழமும் வைத்துச் சொட்டுநீர்க் குழாய் இழுப்பதே இந்நாட்டுக்கு அறிவுடைமை என்பது நம் துணிபு. கோதாவரிக் கரைக் கடியத்து நாற்றங்கால்களிலிருந்து வரும் செடிகள் கண்ணைப் பறிக்கும்; ஆயினும் ஆற்றுமண் உருண்டையோடு வந்தவை நம் சரளையில் உடனே நட்டால் திகைக்கும். சில வாரம் நிழலில் வைத்துப் பழக்குக.

பணத்திற்கு வருவோம். 1,80,000இல் மகளின் படிப்புக்குரியதை இன்றே பிரித்து, அவள் பெயரிலோ தாயின் பெயரிலோ வங்கியில் இட்டுவிடுக. எஞ்சியதில் கைக்கருவிகளும் ஒரு களைவெட்டியும் போக, மூன்று திங்களுக்கு ஆட்கூலி கையில் இருத்தல் வேண்டும். நிறுவனங்கள் இரண்டு மூன்று திங்கள் கழித்தே பணம் தரும். ஆட்கள் சனிக்கிழமைதோறும் கேட்பர். இவ்விடைவெளியில்தான் சிறுதொழில்கள் பெரும்பாலும் மடிகின்றன. உத்யம் பதிவு இணையத்தில் கட்டணமின்றி நடைபெறும். இடைத்தரகருக்குப் பணம் கொடாதீர். கடன் கட்டாயம் வேண்டுமாயின், 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய்வரை வங்கியில் கேட்கலாம். அதற்குமேல் முதலாண்டில் வேண்டா.

சகோதரியின் கணவருக்கு ஒன்று. தாங்கள் 11 ஆண்டு கைக்கருவியால் உழைத்தவர். வண்டியில் அமர்ந்து வெட்டும் நாளை விரும்புவது குற்றமன்று. முதுகு வலி நமக்கும் தெரியும். முதலில் களைவெட்டியைப் பழகிப் பாருங்கள். சித்தூரில் நம் சங்க அன்பர் ஒருவரிடம் இருவீச்சுப் பொறி ஒன்றும் நான்குவீச்சுப் பொறி ஒன்றும் உள்ளன. ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தின் பின்புறத்துக் களையை வெட்டித் தருவதாயின் இரண்டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியும் காதுக்கவசமும் அவரே கொண்டுவருவார். காலணி மட்டும் தாங்கள் கொண்டுவரவேண்டும். செருப்போடு வந்தால் பொறியைத் தரமாட்டாராம்.