தராசு யார் கையில்?

ஒரு வேலைக்கு இன்ன மதிப்பு என்று யார் முடிவு பண்ணுகிறார்கள்? பொருளாதாரம் எடுக்கிற பேராசிரியரைக் கேட்டால் 'சந்தை' என்பார். திருநெல்வேலிக்காரர்களாகிய நாம் இந்தப் பதிலை அப்படியே விழுங்க முடியாது. நாம் பார்த்த சந்தைக்குச் சாதி இருக்கிறது. அதன் கையில் லத்தியும் இருக்கிறது.

கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிற பூமி இது. சேற்றில் கால் வைக்காதவர் பண்ணையார். ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்றவர் பண்ணையாள். நாற்று நடுகிற பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. குனிந்த முதுகு யாருக்கு அதிகம் வலிக்கிறது என்று பார்த்தா இந்தக் கூலியைப் போட்டார்கள்? வேலை செய்கிற ஆள் யாரென்று பார்த்துத்தான் வேலைக்கு விலை போட்டார்கள்.

மலை ஏறினாலும் இதே கதைதான். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் காட்டை 99 வருசக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அங்கே தேயிலையை வளர்த்தது, கீழிருந்து ஏறிப்போன கூலி ஜனங்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள்.

கொழுந்து எடுப்பது லேசுப்பட்ட வேலையா? இரண்டு இலை, ஒரு மொட்டு பார்த்துக் கிள்ள வேண்டும். முற்றின இலை சேர்ந்தால் தூளின் தரம் போச்சு. மழை, அட்டைக்கடி, வழுக்குகிற சரிவு எல்லாவற்றுக்கும் நடுவில் கை ஓயாமல் ஓட வேண்டும். கண்ணும் விரலும் வருசக்கணக்கில் படித்த படிப்பு இது. ஆனால் செய்கிறவள் தலித் பெண் என்பதால் 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறான். அப்படியானால் ஒரு நாள் மேனேஜர் வந்து கிள்ளிப் பார்க்கட்டுமே!

கூலி கூட்டிக் கேட்டால் 'கட்டுப்படியாகாது' என்ற பதில் தயாராக இருக்கும். யார் கணக்கில் கட்டுப்படியாகாது? கணக்குப் புத்தகம் கம்பெனியிடம், எடைத் தராசு கம்பெனியிடம், குடியிருக்கிற லயன் வீடும் கம்பெனியுடையது. நாம் கடித்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கிற பிரிட்டானியா பிஸ்கட்டிலும் பெரும்பங்கு இதே கம்பெனிக்குத்தான். கொழுந்து எடுத்தவளின் வீட்டுக் கணக்கு கட்டுப்படியாகிறதா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

அந்தக் கணக்கைத் தாங்களே சொல்லத்தான் மக்கள் 1999-ல் இறங்கி வந்தார்கள். கூலி கேட்டுப் போராடியவர்களில் 600 பேருக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். அவர்களை விடுதலை செய், கூலிப் பிரச்சினையைத் தீர் என்று மனுக் கொடுக்க, ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. போலீஸ் அடித்து விரட்டியது. தப்பிக்க ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு பச்சைக் குழந்தை. கூலியை நிர்ணயிக்கிற இடத்துக்கு உழைத்தவன் நடந்து போனதையே இந்த அரசால் பொறுக்க முடியவில்லை.

1946-ல் மத்திய சட்டசபையில் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர். 1948-ல் அது சட்டமானது. ஒரு மனிதனின் உழைப்புக்கு விலை சொல்வதை முதலாளியின் தயவுக்கு விட்டுவிடக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் சாதி இருக்கும்வரை 'குறைந்தபட்சம்' என்பதே நமக்கு 'அதிகபட்சம்' ஆகிவிடுகிறது.

2024-ல் கம்பெனி 'விருப்ப ஓய்வு' என்று ஒரு காகிதத்தை நீட்டித் தோட்ட வேலையை முடித்துக்கொண்டது. யாருடைய விருப்பம்? அந்த டிசம்பரில், தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்ற மனுக்களை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. காடு காடாகட்டும், நமக்கும் சம்மதமே. புலிக்கும் மரத்துக்கும் மதிப்பு உண்டு என்று கண்டுபிடித்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் தேய்ந்த விரல்களுக்கு என்ன மதிப்புப் போட்டார்கள்? சர்வீஸ் வருசத்தை எண்ணிப் பணம் கொடுத்தால் கணக்கு தீர்ந்ததா? ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லாமல் இறங்குகிறவனுக்கு, அவன் தாத்தா உண்டாக்கிய தோட்டத்தில் பங்கே கிடையாதா?

கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடு என்று மட்டும் கேட்டால் நாம் பாதியில் நின்றுவிடுவோம். ஏற்றுகிற கை நாளைக்கு இறக்கவும் செய்யும். எது திறமை, எது கடினம், எதற்கு என்ன விலை என்று தீர்மானிக்கிற மேசையில் கொழுந்து எடுத்தவளும் நாற்று நட்டவளும் உட்கார வேண்டும். வருசாவருசம் ஜூலை 23-ல் ஆற்றில் பூப் போட்டுவிட்டுக் கலைந்து போகிற தோழர்களே, தராசு இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்குகிற வேலை பாக்கி கிடக்கிறது.