கடை மூடிய தெருவில் என்ன பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை ஜார்ஜ் டவுனை நடந்தே சுற்றிப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பாரிமுனையில் நின்று, தாமஸ் பாரி 1788-ல் வியாபாரம் தொடங்கிய கதையைக் கேட்கிறார்கள். அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயத்தின் வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். (ஆர்மீனியன் நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் ஆனான்!) வரட்டும், வரவேற்கிறோம்.

ஆனால், மூட்டையும் கைவண்டியும் பழைய நகரின் அழகை மறைக்கின்றன என்று சிலர் குறைப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை. அந்த ஆர்மீனியர்களே வியாபாரிகள்தாமே? இங்கே சரக்குதான் சரித்திரம். ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகளின் வாசனையோடுதான் வள்ளலார் பாடிய கந்தகோட்டத்துக்குள் நுழைய வேண்டும். இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்து, 1757-ல் இடிக்கப்பட்ட சென்னகேசவப் பெருமாள் கோவில், மறுபடி எழுந்து நிற்பது தேவராஜ முதலி தெருவின் கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் நம் மளிகை. ஷட்டர் இறங்கிய ஞாயிறன்று இவற்றில் எதைப் பார்க்க முடியும்?

1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கறி, பழ மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் என்ற காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் விடியுமுன் லாரி வந்து நின்ற அந்த நாட்களை அறிந்தவர்களுக்கு, சரக்கு போன தெரு என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கும் ஒன்று. நடைபாதையில் அடுக்கிய மூட்டை, சுற்றிப் பார்க்க வருகிறவரை மட்டும் தடுக்கவில்லை. கல்யாணச் சாமான் வாங்க வரும் அம்மாவையும் வண்டிகளுக்கு நடுவே இறக்கிவிடுகிறது. அதைக் கடைக்குள் இழுத்துக்கொள்ள யாருடைய உத்தரவும் வேண்டாம்.

திண்ணையும் மரத்தூணுமாக மிஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களின் கதை வேறு. இன்றைய மனை விலைக்கு இடித்து மாடி எழுப்பத்தான் தோன்றும். உரிமையாளரை மட்டும் பழித்துப் பயனில்லை. முகப்பைக் காப்பாற்றுகிறவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுங்கள் என்று மாநகராட்சியைக் கேட்கிறோம்.

சுற்றிக்காட்டும் நண்பர்கள் மாதம் ஒரு முறையாவது வேலை நாளில் வரட்டும். எந்த நேரம் என்பதை அந்தந்தத் தெருக் கடைக்காரர்களைக் கேட்டு முடிவு செய்யட்டும். சரக்கு ஏற்றி இறக்கும் நேரம் அவர்களுக்குத்தான் தெரியும்.